பேர் என்றொரு சொல்



எட்டாம் தரத்து மாணவி ஒருத்தி தன் கட்டுரையில், "அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்தான்" என்று எழுதியிருந்தாள். நான் அச்சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, "அரைநாட் சம்பளம்" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். திருத்தியது சரிதானா என்ற ஐயம் பிறகுதான் எழுந்தது. அந்த ஐயமே இன்றைய உரைக்குப் பொருள்.

சப்ரகமுவத் தோட்டங்களில், இரத்தினபுரியானாலும் கேகாலையானாலும், பேர் என்றால் ஒரு நாள் உழைப்பு. காலையில் பெரட்டுக் களத்தில் ஆளெண்ணி வேலை பிரிப்பார்கள். ஆங்கிலப் 'பரேட்' தோட்டத்து நாவில் பெற்ற உருவமே பெரட்டு. அன்றைய வேலை செக்றோலில் அவரவர் பெயருக்கு நேரே பதியப்படும். அதுதான் பேர் போடுதல். கொழுந்தோ றப்பர்ப் பாலோ குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் "எத்தனை பேர்?" என்று ஒருவரைக் கேட்டால், அவர் வேலை செய்த நாட்களின் தொகையைச் சொல்வார்.

பெயர் என்பது பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியத்தில் பெயரியல் என்றே ஓர் இயல் உண்டு. பேச்சில் அது பேர் ஆயிற்று. 'நாலு பேர்' என்னும்போது ஆளைக் குறிக்கிறது. 'நல்ல பேர்' என்னும்போது புகழைக் குறிக்கிறது. இவற்றோடு நாட்கூலி என்ற பொருளையும் சேர்த்தவர்கள் தோட்டத்து மக்கள்.

'துண்டு' என்ற எளிய சொல்லும் இப்படித்தான் கனத்தது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய கடதாசியே துண்டு. அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அவர் வேறு தோட்டத்துக்குப் போகலாம். அந்த முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது.

1947 தேர்தலில் இம்மக்களின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை, தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றது அப்போதுதான். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949 இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. செக்றோலில் பேர் இருந்தது. இடாப்பில் பேர் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

இத்தனையும் அறிந்த பின் அந்தக் கட்டுரையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். 'அரைநாட் சம்பளம்' காசை மட்டும் சொல்கிறது. 'அரைப்பேர்' என்னும்போது, நாள் முழுவதும் மலையில் நின்ற ஒருத்தி பாதி ஆளாகக் கணக்கெழுதப்பட்ட வருத்தமும் கூடவே வருகிறது. அம்மாணவி அதைத்தான் எழுதியிருந்தாள். அதை நான் வெட்டிவிட்டேன்.

மறுநாள் அவளுடைய கொப்பியைக் கேட்டு வாங்கினேன். வெட்டிய சொல்லின் கீழே புள்ளிகள் இட்டு, "இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். பரீட்சைக்குரிய சொல்லைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். அதற்காக வீட்டுச் சொல்லை வெட்டும் உரிமை ஆசிரியருக்கு இல்லை.