அண்டை அயலாரும் ஒருமைப்பாடும்



மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு 'ஒருமைப்பாடு' என்னும் சொல் அன்றாடம் எதிர்ப்படுவது. சுற்றறிக்கையாயினும் உறுதிமொழியாயினும் அது தவறாமல் தலைகாட்டும். அதனை எழுதுதல் எளிது. அது எங்கே, யாரால் நிகழ்கின்றது என்று கூறுதல் அரிது. அதனை ஐரோப்பாவிலும் நம் மும்பை மாநகரிலும் இன்று தேடிப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இருமுறை பெரும் போர்க்களமாகிய கண்டம் ஐரோப்பா. பிரான்சு, ஜெர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள் 1951-இல் தம் நிலக்கரியையும் உருக்கையும் பொது அதிகாரத்தின்கீழ் வைக்க உடன்பட்டன. 1957-இல் ரோமாபுரி உடன்படிக்கை எழுந்தது. இவற்றை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். ஆயின் இவற்றிற்கு முன்னரே, 1950-இல், பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் தோழமை பூண்டன. அப்போது மோன்பெலியாரின் மேயராய் இருந்த லூசியன் தாராதின், நாஜிகளின் புக்கன்வால்ட் சிறைமுகாமில் அடைபட்டு மீண்டவர். பகையின் கொடுமையை உடலால் அறிந்தவரே கை நீட்ட முன்வந்தார்.

1963-இல் அவ்விரு நாட்டு அரசுகளும் இளைஞர்களுக்கென்றே ஒரு கூட்டு அலுவலகம் நிறுவின. இதுகாறும் 90 இலட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர் அதன் திட்டங்களில் பங்குகொண்டுள்ளனர். 2021, 2022 ஆண்டுகளில் ஐரோப்பாவின் எதிர்காலத்தை ஆராயக் குலுக்கல் முறையில் 800 குடிமக்கள் அழைக்கப்பெற்றபோது, அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் 16 முதல் 25 வயதுடையோர். அரசுகள் கையெழுத்திட்டால் மட்டும் போதாது, வாலிபர்கள் பழகவும் வேண்டும் என்பதை அந்நாட்டார் உணர்ந்தனர்.

இனி நம் நகருக்கு வருவோம். தாராவியில் கோலியரின் மீனவக் குடியிருப்பும், சௌராஷ்டிரத்துக் குயவர் வாழும் கும்பர்வாடாவும், திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிட வந்த தமிழர் குடும்பங்களும் அடுத்தடுத்து அமைந்தன. செம்பூரோ, 1947-க்குப் பின் சிந்துவினின்று வந்த அகதிகளுக்குப் புகலிடம் தந்தது. எல்லோரும் ஓரிடத்தில் குடியிருந்தோம். ஆனால் ஒருவரையொருவர் அறிந்திருந்தோமா?

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் மூண்ட கலவரங்களில் 900 பேர் மாண்டனர் என ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அப்பொழுது மாட்டுங்காவில் நாம் பள்ளிச் சிறுவராய் இருந்தோம். தாராவி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. எனினும், 'நலமா?' என்று கேட்பதற்கு அங்கே ஒருவர் பெயரும் நம் இல்லத்தார்க்குத் தெரியாது.

அதே வேளையில், 1984-இல் கலவரத்தால் சீரழிந்த பீவண்டி நகரம் அமைதி காத்தது. 1988-இல் சுரேஷ் கோபடே என்னும் காவல்துறை அதிகாரி அங்கே இரு சமயத்தாரையும் கொண்டு மொஹல்லா கமிட்டிகளை, அதாவது தெருக் குழுக்களை, அமைத்திருந்தார். தீப்பற்றுமுன் கிணறு வெட்டியவர் அவர். பின்னர் மும்பையிலும் ஜூலியோ ரிபெய்ரோ, சுஷோபா பார்வே, சதீஷ் சாஹ்னி முதலியோர் முயற்சியால் இத்தகைய குழுக்கள் தோன்றின. தாராவியில் வக்கார் கானும் பாவு கோர்டேயும் இணைந்து உழைத்தனர். இந்து, முஸ்லிம், சீக்கிய, கிறிஸ்தவக் கோலத்தில் நான்கு குழந்தைகள் நிற்க, 'நாம் அனைவரும் ஒன்றே' என்னும் பொருள்பட இந்தியில் அச்சிட்ட சுவரொட்டி அவ்வுழைப்பின் அடையாளமாயிற்று.

நேயர்களே, 1993-இல் பிறந்த குழந்தைக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. அன்றைய துயரைக் கண்டோர் முதியோராகி வருகின்றனர். அவர்தம் நினைவு அவர்களோடு மறையுமானால், குழுக்களின் பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சும். ஆதலின் இளைஞரை மேடையின் முன் அமர்த்தி அறிவுரை கூறினால் போதாது; அவர்க்குப் பொறுப்புத் தரல் வேண்டும். விநாயகர் ஊர்வலத்தில் முஸ்லிம் இளைஞரும், முஹர்ரம் ஊர்வலத்தில் இந்து இளைஞரும் தொண்டராய் நின்று வழிவிடச் செய்யலாம். மாட்டுங்கா மாணவர் தாராவிச் சிறார்க்கு மாலையில் பாடம் சொல்லலாம். அச்சிறாரின் தந்தையர் செய்யும் தொழிலைத் தாமும் கற்கலாம்.

ஒருமைப்பாடு நிகழும் இடம் யாது என்று தொடக்கத்தில் கேட்டோம். நம் தெருவுக்கு அடுத்த தெருவே அவ்விடம். அங்கே வாழ்பவருள் ஒருவர் பெயரையேனும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். நமக்கு அன்று வாய்க்காதது அவர்கட்கேனும் வாய்க்கட்டும்.