எரிபொருளில் கலந்த நீர்



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் நீரின்மேல் எண்ணெய் படர்ந்து மிதந்தது. வாகனத்தின் எரிபொருள் தொட்டிக்குள்ளும் இதே நியதிதான்: டீசல் மேலே, நீர் கீழே. எரிபொருளை உறிஞ்சும் குழாயோ அடியில் இருக்கிறது! ஆகவே என்ஜினுக்கு முதலில் போவது நீரே. இன்ஜெக்டரின் நுண்துளைகள் அதனால் துருப்பிடிக்கும். காசிமேட்டு விசைப்படகு நடுக்கடலில் நின்றுவிட்டால், உயிருக்கே ஆபத்தன்றோ?

வெள்ளம் வேண்டுவதில்லை, பாதி காலியான தொட்டியில் கடற்காற்றின் ஈரமே இரவில் நீராகப் படியும். ஆதலால் தொட்டியை நிரப்பி வையுங்கள். டீசல் வண்டியில் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் அளவு மீறினால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். அப்போது பெட்ரோல் முழுவதையும் அகற்ற வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை அவசரப்பட்டு இயக்காதீர்கள். முதலில் தொட்டியின் அடியைச் சோதியுங்கள்.