கோழியும் நாட்டின் மரபுச் செல்வமே



கோழியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் முறுவல் அரும்புகிறது. அரும்புக. 'அளகு' என்னும் பெண்பாற்பெயர் எவ்வெப் பறவைக்கு உரியது என்று மரபியலில் வரையறுத்த தொல்காப்பியர், கோழியை முதலில் வைத்தார். சோழர் தலைநகராம் உறையூர்க்கோ கோழி என்பதே மற்றொரு பெயர்.

ஒரு கோழியினம் ஒரு நாட்டின் மரபுச் செல்வமாவது எதனால்? அம்மண்ணில் முதன்முதல் தோன்றியதாலா? அன்று. உலகின் முதற்கோழி தமிழ்நிலத்தில்தான் கூவியது என்று மேடையில் முழங்குவார் உளர். அது சான்றுக்கு நில்லாது. செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை என்றும், அது பழக்கப்பட்ட நிலம் தென்மேற்குச் சீனம், பர்மா, வடதாய்லாந்துப் பகுதி என்றும் 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. எனினும் நமக்கும் ஒரு பங்குண்டு. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியின் வழியே வீட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் வந்தது என 2008இல் அறிஞர் நிறுவினர்.

சப்பானியர் கோழியும் வெளியிலிருந்து சென்றதே. ஆயினும், கோச்சிப் பகுதி மக்கள் வாலிறகு உதிராது பல முழம் நீளும் ஓனகதோரிச் சேவலைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கினர். அதனை 1952இல் அந்நாடு சிறப்பு இயற்கைச் சின்னமாக்கியது. பிரெஞ்சுக்காரர் தம் பிரெசுக் கோழிக்கு 1957இல் சட்டமே இயற்றினர். குறித்த எல்லைக்கு அப்பால் வளர்ந்தது அப்பெயரால் விலைபோகாது. வளர்த்த கையும், வளர்ந்த மண்ணும், வழங்கும் பெயருமே அங்கெல்லாம் அளவுகோல்.

நமக்கு இவற்றுள் எது குறை? விழுப்புரம் மாவட்டத்து இந்தளூரிலும் அரசலாபுரத்திலும் சண்டைச் சேவல்களுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 1,500 ஆண்டுகட்கு முற்பட்டவை. மறவனுக்கு எடுப்பது போலவே கல் நாட்டி, எச்சேரிக் கோழி என்பதையும் வட்டெழுத்தில் பொறித்தனர்!

இன்றோ, நம் ஊர்ச் சண்டைக்கோழியை உலகம் 'அசீல்' என்னும் அரபுச் சொல்லால் அறிகிறது. நாட்டின் கால்நடை இனப் பதிவேட்டில் அதன் தாய்நிலமாகக் குறிக்கப்பட்டவை ஆந்திரம், ஒடிசா, சத்தீசுகர். அவர்கட்கு உரிமையில்லை என்று யான் கூறவில்லை. நம் பெயர் ஏன் இல்லை என்பதே என் வினா. மத்தியப் பிரதேசத்துச் சாபுவாப் பகுதியினர் தம் கருங்கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டனர்.

சிறுவிடை, பெருவிடை, கிளிமூக்கு விசிறிவால். இறகு நிறத்தால் காகம், வல்லூறு, கீரி, மயில். கொண்டைக்குப் 'பூ' என்றே பெயர், அதிலும் கத்திப்பூ, மத்திப்பூ எனப் பிரிவு! எத்துணை நுண்மையான சொல்வளம்! கலப்பினத்தை 'நாட்டுக்கோழி' என்று நிறுத்து விற்கும் கடையில் இவற்றுள் ஒரு சொல்லும் இல்லை. என் வகுப்பில் 'விடைக்கோழி' யாது என வினவினேன். முட்டையிடும் பருவத்தை அணுகும் இளங்கோழி என விடை சொன்னவர் மிகச் சிலர். அவரும் பாட்டியுடன் வாழ்பவர்.

ஆதலின், அன்பர்கள் தத்தம் ஊர் முதியவரை அணுகி, கோழிப் பெயர், கால் நிறம், பூவின் வகை, எத்தனை முட்டையிட்டு அடைகாக்கும் என்பவற்றைத் தாளில் எழுதி விடுக்க வேண்டுகிறேன். ஊர்ப்பெயரைத் தவறாது குறிப்பிடுங்கள்.