தந்தையருக்கு ஏழு நாள்கள்



1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டுக் கேமரன் மலை லயங்களில் பிள்ளை வளர்ப்பு தாயின் பொறுப்பென்றே கருதப்பட்டது. தந்தை பெரட்டுக்குப் புறப்படுகையில் குழந்தை உறங்கும். வேலை முடிந்து திரும்புகையிலோ, ஆயாக் கொட்டகையில் அழுது களைத்துக் கண்ணயர்ந்திருக்கும். தந்தையின் முகம் அதற்கு எங்ஙனம் பழகும்?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பெற்று, 1.1.2023 முதல் மணமான தந்தைக்குத் தொடர்ந்து 7 நாள்கள் சம்பள விடுப்பு உண்டு. இது 5 பேறுகள் வரை பொருந்தும். அதே முதலாளியிடம் 12 மாதங்களேனும் பணியாற்றியிருத்தல் வேண்டும். பேற்றுக்கு 30 நாள்களுக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். தவறினால், குழந்தை பிறந்ததும் இயன்றவரை விரைவில் அறிவிக்கலாம். கிராணியிடம் வாய்மொழியாகச் சொல்லி விடாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

அந்நாள்களில் காய்கறித் தோட்டத்திற்குக் கூலிக்குச் செல்லும் எண்ணம் எழலாம். பணத்தேவையை நான் அறியாதவனல்லன். ஆயினும், இம்மலைக் குளிரில் குழந்தைத் துணிகள் எளிதில் உலர்வதில்லை. வெந்நீரோ ஓயாது வேண்டும். பேறு கண்ட உடம்பு இவற்றைத் தனியே தாங்குமா?

மூத்த பிள்ளையையும் மறவாதீர்கள். தாய்மடி பறிபோன ஏக்கத்தில் அது காரணமின்றிச் சிணுங்கும். அதட்டாதீர்கள். கைப்பிடித்துத் தமிழ்ப்பள்ளி வரை நடத்திச் செல்லுங்கள்; வழியில் அது சொல்வதையெல்லாம் கேளுங்கள்.