விட்டுச் செல்லும் நிழல்
(வானொலி உரை)



எல்லாப் புகழும் வித்தைப் பிளந்து முளையை வெளிப்படுத்தும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனது சாந்தியும் சமாதானமும் எம்பெருமானார் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய நேயர்களே! பெற்றோர்களே! வாலிபச் செல்வங்களே! வீட்டுத் தோட்டத்தில் பனையினத் தாவரங்களை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி இன்று உங்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். தென்னை, பனை, கமுகு, கித்துள், தாளிப்பனை, பேரீச்சை ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

ஸல்மான் பாரிஸி (ரழி) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். அடிமையாக இருந்த அவர்களின் விடுதலைக்கு எசமானன் கேட்ட விலையில் 300 பேரீச்சங் கன்றுகளும் அடங்கியிருந்தன. தோழர்கள் ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்பக் கன்றுகளைக் கொண்டுவந்தனர். ஸல்மான் (ரழி) அவர்கள் குழிகளைத் தோண்ட, நபி (ஸல்) அவர்கள் தமது திருக்கரங்களாலேயே அவற்றை நட்டார்கள். ஒரு மனிதனின் விடுதலை மரக்கன்றுகளால் நிறைவேறியது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பதும் அன்னாரின் போதனையே.

சகோதரர்களே! நற்கூலியை நாடுவதோடு தொழிலறிவையும் நாம் தேட வேண்டும். பேரீச்சையில் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்க்கும் வழக்கம் மதீனாவில் இருந்தது. அது ஒருமுறை கைவிடப்பட்டபோது விளைச்சல் குன்றியது. உலக விவகாரங்களில் அனுபவமுள்ள நீங்களே நன்கறிவீர்கள் என நபி (ஸல்) அவர்கள் அப்போது தெளிவுபடுத்தினார்கள். ஆகவே, விதையைப் பற்றி அறிந்தோரிடம் கேட்டறிவது நம் கடமையாகும்.

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே சீகிரியாவைச் சூழ்ந்த பிரதேசம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் பருவமழையே அங்கு பிரதானமானது. அந்த மண்ணில் பனையும் தென்னையும் ஈச்சையும் தாக்குப்பிடிக்கும். கமுகுக்குக் கிணற்றடி ஈரமும் நிழலும் வேண்டும். கித்துளுக்கு ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்து ஈரலிப்பான மலைச்சரிவுகளே மிகவும் உகந்தவை. எனவே, எதை நடுவது என்பதை உங்கள் வளவே தீர்மானிக்கட்டும்.

விதையைத் தெரிவு செய்யும்போது, நோயற்று நன்கு காய்க்கும் மரத்தின் கீழ் தானாகப் பழுத்து விழுந்தவற்றைப் பொறுக்குங்கள். கித்துள் பழம் செங்கருமை நிறமடைந்ததும் எடுக்கலாம். ஆனால் அதன் சதையில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன; வெறுங்கையால் பிசைந்தால் தாங்கவொண்ணா அரிப்பு உண்டாகும். கையுறை அணிந்தே சதையை நீக்குங்கள். சிறுவர்களிடம் இவ்வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

சதை நீக்கிய கித்துள், தாளிப்பனை விதைகளை இரண்டு மூன்று நாட்கள் நீரில் ஊறவிட்டு, நாள்தோறும் நீரை மாற்றுங்கள். மிதப்பவை பெரும்பாலும் உள்ளே வெறுமையானவை, அவற்றை ஒதுக்கிவிடலாம். மணலும் தும்புத்தூளும் மக்கிய எருவும் கலந்த கலவையில், விதையின் பருமனளவு ஆழத்தில் இட்டு நிழலில் வையுங்கள். வேர் நேரே கீழிறங்குவதால் ஆழமான பையே பொருத்தமானது. கலவை ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக் கூடாது. கமுகின் பழுத்த பாக்கை உரிக்காமல், காம்புப் பக்கம் மேலிருக்குமாறு புதைக்க வேண்டும். பனங்கொட்டையோ முதலில் கிழங்கைப் பூமிக்குள் இறக்குவதால், பெயர்த்து நட்டால் வாடிவிடும். அதனை நிரந்தர இடத்திலேயே ஊன்றுங்கள்.

முக்கியமான ஒரு செய்தி: கமுகு, கித்துள் விதைகள் உலர்ந்தால் உயிரிழந்துவிடும். அவற்றைப் போத்தலில் இட்டுச் சேமிக்க எண்ணாதீர்கள். எடுத்த சில நாட்களுக்குள் இட்டுவிடுங்கள். பேரீச்சை விதையோ உலர்ந்தும் உயிர்வாழும். சாக்கடலருகே மசாதா என்னும் பழங்கோட்டையில் அகழ்ந்தெடுத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதையொன்று 2005ஆம் ஆண்டில் முளைத்தது. சுப்ஹானல்லாஹ்!

வாலிபர்களே! ரமழானில் இப்தார் விரிப்பில் எஞ்சும் பேரீச்சங் கொட்டைகளில் பத்தையேனும் எடுத்துக் கழுவி, ஊறவைத்து, ஈரமணலில் இட்டுப் பாருங்கள். சில வாரங்களில் முளை தெரியும். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்: விதையிலிருந்து வருபவற்றில் ஏறக்குறையப் பாதி ஆண் மரங்களாகும், பழமும் தாய்மரத்தைப் போன்றே இருக்குமென்பதில்லை. ஆகவேதான் தோட்டக்காரர் பக்கக் கன்றுகளை விரும்புகின்றனர்.

விதையை எங்கிருந்து எடுக்கின்றோம் என்பதும் அமானிதத்தைச் சார்ந்தது. சீகிரியாக் குன்றைச் சூழ்ந்த நிலம் அரசின் பாதுகாப்புக்குட்பட்டது. அங்கும் பிறர் வளவிலும் அனுமதியின்றி எடுப்பது தகாது. நற்செயலின் ஆரம்பமே பிறர் உரிமையைப் பறிப்பதாக இருக்கக் கூடாதல்லவா? அப்பகுதியில் காட்டு யானைகள் நடமாடுகின்றன. கித்துளின் உட்சோறு அவற்றுக்குப் பிரியமான உணவு. வீட்டுச் சுவரோரம் அதனை நடுவது ஆபத்தை அழைப்பதாகும்.

கித்துளிலிருந்து கள் இறக்கப்படுகின்றதே எனச் சில பெற்றோர் தயங்குவர். புளித்துப் போதை தருவதே ஹராம், மரம் குற்றமற்றது. ஹல் மரப்பட்டையை முட்டியிலிட்டுப் புளிக்காமல் காத்த இனிய சாற்றைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கின்றன. அவை ஒரு குடும்பத்தின் ஹலாலான வருவாயாகவும் அமையும்.

பெற்றோர்களே! தாளிப்பனையைச் சற்றுச் சிந்தியுங்கள். மாத்தளை அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைநூல்கள் ஓலையில் எழுதப்பட்டதாக வரலாறு கூறுகின்றது. இந்நாட்டின் பழஞ்சுவடிகளுக்கு ஓலை தந்தது இம்மரமே. அது பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, ஆயிரக்கணக்கான விதைகளைச் சொரிந்துவிட்டு மடிகின்றது. இன்று அதன் விதையை இடும் தந்தை அதன் பூவைக் காண்பது அரிது. மகனோ பேரனோ காணக்கூடும்.

பலனைத் தம் கண்ணால் காணாத செயலைச் செய்ய நம் பிள்ளைகள் பழக வேண்டும். எல்லாவற்றையும் உடனே பெற்றுவிடத் துடிக்கும் இக்காலத்தில், மாதக்கணக்கில் முளைக்காத பைக்கு நாள்தோறும் நீருற்றுவது பொறுமையின் பாடசாலையாகும். கையில் கன்று இருக்கையில் மறுமை நாளே வந்துவிட்டாலும் முடிந்தால் அதனை நட்டுவிடுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளதன் பொருளும் இதுவே. பலன் தருவது அல்லாஹ்வின் பொறுப்பு. நடுவது நமது பொறுப்பு.

ஆகவே, இம்மழைக்காலத்திற்கு முன் வீட்டிற்கு ஐந்து விதைகளையேனும் இடுவோமாக. பையில் தேதியையும் மரத்தின் பெயரையும் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்வோமாக.

நாம் மறைந்த பின்னரும் நன்மை சேர்க்கும் நிழலை விட்டுச் செல்ல வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.