சுருதி நின்றது, காலம் தளர்ந்தது

1990-களில் ஐதராபாத்திலும் சென்னையிலும் 'டிவி கேம்' என்ற பெயரில் வீடுகளுக்குள் நுழைந்த விளையாட்டுக் கருவிகளுள் பல, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபாமிகாம் கருவியின் நகல்களாக இருந்தமையால், கோஜி கொண்டோ 1985-இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்துக்கு அமைத்த இசையும் இந்தியக் காதுகளை ஒரு திரிந்த வடிவிலேயே எட்டியது. திரிபுக்குக் காரணம் ஆட்டம் அடங்கிய கேசட் அன்று, தொலைக்காட்சி.

அக்கால ஆட்டங்களில் இசை பதிவு செய்யப்பட்டு வருவதில்லை. எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று ஒலிச்சில்லுக்கு, அதாவது ஒலியை உண்டாக்கும் மின்னணுப் பகுதிக்கு, நிரல் இடும் கட்டளைகளே இசையாயின. திரையில் படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அக்கட்டளைகள் ஓரடி முன்னேறும். ஜப்பானில் இது நொடிக்கு ஏறத்தாழ 60 முறையும், இந்தியா ஏற்ற 'பால்' ஒளிபரப்பு முறையில் 50 முறையும் நிகழ்ந்ததால், அங்கே 60 நொடியில் முடிந்த மெட்டு இங்கே 72 நொடி நீண்டது. ஆயினும் பால் தொலைக்காட்சிகளுக்கென அமைந்த தைவான் நகல் சில்லுகள், செயலியின் வேகத்தை ஜப்பானியக் கருவிக்கு மிக அருகில் வைத்திருந்தமையால், சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்தது. நிண்டெண்டோ தானே ஐரோப்பாவில் விற்ற கருவியிலோ செயலியின் வேகமும் குறைந்ததால், திருத்தப்படாத ஆட்டங்களில் சுருதியும் ஒரு சுரத்தானத்துக்குச் சற்று மேலாகவே இறங்கிற்று. இந்த ஒன்றில் நகல் அசலைவிட நாணயமானது!

ஒலிச்சில்லே மாறும்போது வேறுபாடு இன்னும் ஆழமாகிறது. தால்சிம் என்னும் இந்திய யோகியைப் பாத்திரமாகக் கொண்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', 1991-இல் காசு போட்டு ஆடும் எந்திரமாக வந்தபோது, அதன் இசையின் பெரும்பகுதியை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா. அவ்வெந்திரத்தின் யமஹா சில்லு, ஓர் அலையால் மற்றோர் அலையை அசைத்துப் புதிய நாதத்தை உண்டாக்குவது. 1992-இல் இவ்வாட்டத்தைப் பெற்ற சூப்பர் நிண்டெண்டோ என்னும் வீட்டுக் கருவி, 64 கிலோபைட் ஒலி நினைவகத்தில் அடங்கும் சிறு ஒலித்துணுக்குகளைக் கொண்டு எட்டுக் குரல்களில் வாசித்தது. 1993-இல் பெற்ற சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியோ யமஹா முறையையே பின்பற்றியது. மெகா டிரைவில் பேச்சொலி கரகரத்தது என்ற குறை மெய்யே எனினும், மெட்டின் நாதத்தில் மூலத்துக்கு நெருங்கியது அதுவே.

பதிவு செய்த இசையை அப்படியே ஒலிக்கவிடும் குறுந்தகடு வந்தபின் இவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. புணேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' ஆட்டத்தின் பதிவிசை எந்தக் கருவியிலும் ஒன்றே. பழைய ஆட்டங்களும் இன்று கணினியில் பெரும்பாலும் 60 முறைக் கணக்கிலேயே ஓடுவதால், ஐதராபாத் வீடுகளில் கேட்ட தளர்ந்த மெட்டு அவற்றில் கிடைப்பதில்லை. பரணில் பழைய டிவி கேம் வைத்திருக்கும் நேயர்கள், அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை இயக்கி, அதன் ஒலியைப் பதிவு செய்து வைப்பது நன்று.