கோடைக்கு ஏற்ற காய்கனிக் கலவை



வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக் கோடை வெயிலைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். வெள்ளரியில் சுமார் 95 சதமும், தர்பூசணியில் 90 சதத்துக்கு மேலும் நீரே உள்ளது. மாங்காயும் எலுமிச்சையும் வைட்டமின் 'சி' சத்தைத் தருகின்றன. இவற்றைச் சேர்த்து எளிய கலவை ஒன்று செய்யலாம்.

இதைச் சமைப்பதில்லை. ஆகவே கழுவும் நீரே முக்கியம். தோல் பதனிடும் ஆலைக் கழிவுகளால் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் கெட்டதை, 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. காய்ச்சினால் கிருமிகள் சாகும். உப்பும் குரோமியமும் போகா. எனவே, ஐயமுள்ள கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். அதுவரை, குடிப்பதற்கு உகந்ததென்று தெரிந்த வேறு நீரில் கழுவுங்கள்.

ஐந்து பேருக்குத் தேவையானவை:

வெள்ளரி – 250 கிராம்
தர்பூசணித் துண்டுகள் – 250 கிராம்
கேரட் – 1
மாங்காய் – பாதி
சின்ன வெங்காயம் – 5
வறுத்த நிலக்கடலை – ஒரு கைப்பிடி
எலுமிச்சம்பழம் – அரை மூடி
மிளகுத்தூள், உப்பு, கொத்தமல்லி – சிறிதளவு

முழுதாகக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போகும். மாங்காயையும் கேரட்டையும் துருவி, மற்றவற்றைப் பொடியாக நறுக்கிக் கலக்கவும். உப்பைப் பரிமாறும்போது சேர்க்கவும். முன்னதாகச் சேர்த்தால் நீர் விட்டுவிடும். கடலையின் எண்ணெய்ச் சத்து, கேரட்டின் கரோட்டினை உடல் ஏற்க உதவும்.

செய்த உடனே உண்ணுங்கள், மீதம் வைக்காதீர்கள். தங்கள் தோட்டத்து வெள்ளரி, சந்தைக்குப் போகுமுன் தங்கள் பிள்ளைகளின் தட்டுக்கும் வரட்டும்.